மூன்று பேனாவில் எழுதிய டைரி

பொய் டைரியை நான் மூன்று நொடியில் கண்டுபிடித்துவிடுவேன்.

ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் எனக்கு டயட்டீஷியன் உத்தியோகம். பன்னிரண்டாம் நம்பர் அறை. ஒரு மேஜை, ஒரு எடை மெஷின், பிளாஸ்டிக் காய்கறிகள் ஒரு கூடை. பிள்ளை எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்கிறது என்று புலம்பிக்கொண்டு வருகிற தாய்மார்களிடம் நான் முதலில் நீட்டுவது ஒரு ஃபாரம். மூன்று நாளைக்குக் குழந்தையின் வாய்க்குள் போன அத்தனையும் அதில் எழுத வேண்டும். எத்தனை மணிக்கு, எவ்வளவு வைத்தீர்கள், எவ்வளவு மிச்சம்.

திரும்பி வருவதில் பாதி பொய். மூன்று நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு. அதாவது, காலையில் கிளம்புகிற அவசரத்தில் ஒரே மூச்சில் எழுதியது. எல்லாமே 'ஒரு கிண்ணம்'. மிச்சம் என்ற கட்டத்தில் ஒரு கோடு. சாயங்காலம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் குழந்தை காற்றைக் குடித்து உயிர் வாழ்ந்திருக்கும். பிஸ்கெட் பாக்கெட்டைப் பற்றி மூச்சு விட்டிருக்கமாட்டார்கள். காகிதம் இஸ்திரி போட்டதுபோல இருக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஊட்டுகிற வீட்டில் எந்தக் காகிதம் அத்தனை சுத்தமாக இருந்திருக்கிறது?

நான் டைரியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "ரெண்டாம் நாள் மதியம் எவ்வளவும்மா மிச்சம் வெச்சான்?"

அவர்கள் கண் கவிழ்ந்த காகிதத்தைத் தேடும். அவ்வளவுதான், ஆள் அகப்பட்டாயிற்று.

நர்ஸுகள் எனக்கு வைத்த பெயர் சிஐடி அக்கா. கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

இந்த நிலையில்தான் என் சொந்த மகனின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது.

இரண்டேகால் வயது அவனுக்கு. வெள்ளையாக இருந்தால்தான் வாயைத் திறப்பான். பால். வெறும் சோறு. ஓரம் வெட்டிய ரொட்டியின் நடுப்பாகம். வாழைப்பழம்கூட ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் கேஸ் டிஸ்மிஸ். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் பழுது, பழுதில்லை என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கிற மனிதர். மகனுக்கு அவர் வைத்த பெயர் துரை. வெள்ளைச் சாப்பாடு, மேஜைக்கு வந்தால் அதிகாரம், பிடிக்காவிட்டால் தட்டோடு தள்ளுவது. வேறென்ன பெயர் வைப்பது என்பார்.

பன்னிரண்டாம் நம்பர் அறையில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வது இது: வற்புறுத்தாதீர்கள். தட்டில் ஒரு துண்டு வையுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள். தொடட்டும், முகரட்டும், துப்பட்டும். ஒரு புதுக் காய் ஒரு குழந்தைக்குப் பழகப் பதினைந்து தடவைகூட ஆகலாம்.

வீட்டில் நான் செய்தது வேறு. அறைக்குள் பதினைந்து தடவை என்று வாய் கூசாமல் சொல்கிறவளுக்கு வீட்டில் இரண்டாம் தடவைக்கே பொறுமை போய்விடும். கீரையை அரைத்துச் சோற்றில் ஒளித்தேன். அவன் கண்டுபிடித்தான், மூன்று நாள் சோற்றையே தொடவில்லை. செல்போனில் படம் ஓடவிட்டு, அசந்த நேரம் கரண்டியைச் செருகினேன். கடைசியில் ஒரு நாள் அவனைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கி, மூக்கைப் பிடித்தேன். மூச்சுக்கு வாய் திறந்தால்தானே ஆக வேண்டும். திறந்தது. பருப்பு உள்ளே போனது. அதற்கு முன்னால் குடித்த பாலோடு சேர்ந்து வெளியே வந்தது.

வாசலில் கணவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனார். அன்று முழுக்க அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்துக் குழந்தைகள் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ரத்தத்தில் இரும்புச்சத்து தரைமட்டம். என்னோடு ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறவர். என்னுடைய ஃபாரத்தையே எடுத்து என்னிடமே நீட்டி, "உங்க மருந்தை நீங்களே குடிங்க" என்று சிரித்தார். கையோடு இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் எழுதித் தந்தார்.

முதல் நாள் உள்ளதை உள்ளபடி எழுதினேன். காலை பால். பத்து மணி பால். மதியம் சோறு நாலு வாய், பால். எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர் பால். வேறு ஒன்றுமே இல்லை. வயிறு முழுக்கப் பால் இருக்கிற குழந்தைக்கு மற்றது எப்படி இறங்கும்? இது என் பாடத்தின் முதல் பக்கம். இந்தக் காகிதம் வேறொருத்தியிடமிருந்து வந்திருந்தால் அவளை அரைமணி நேரம் வறுத்தெடுத்திருப்பேன்.

டைரி ஃபைலுக்குள் போகும். ஃபைலை நர்ஸ் எடுப்பாள், அவள் பக்கத்தில் இருப்பவளிடம் காட்டுவாள். சிஐடி அக்கா வீட்டு லட்சணத்தைப் பாருங்கள்.

கிழித்துப் போட்டேன். புதிய ஃபாரம் எடுத்தேன்.

பொய் டைரி எப்படியெல்லாம் மாட்டும் என்பது எனக்குத்தானே தெரியும். முதல் நாளுக்கு நீலப் பேனா. இரண்டாம் நாளுக்குக் கறுப்பு, அதில் பாதியில் மை தீர்ந்து பென்சில். மூன்றாம் நாளுக்கு மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு எழுதியதுபோலக் கோணல் எழுத்து. 'கேரட் ஏழு துண்டு வைத்தேன், மூன்று மிச்சம், ஒன்று தரையில்.' 'கீரை பாதி துப்பினான், மறுபடி கேட்டு வாங்கினான்.' நாலரை மணிக்கு ஒரு பிஸ்கெட்டையும் மறக்காமல் ஒப்புக்கொண்டேன். ஈரல், முட்டை, பருப்பு, பட்டாணி. கடைசியாக ஒரு சொட்டு முட்டை மஞ்சள்கருவை விரலில் தொட்டு ஓரத்தில் தேய்த்தேன்.

டாக்டர் மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்தார். இத்தனை வருட சர்வீஸில் இப்படி நேர்மையான டைரியைத் தான் பார்த்ததில்லை என்றார். பெயரை மறைத்து நகல் எடுத்து, மற்ற பெற்றோருக்கு மாதிரியாகக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

மூன்று மாதம் ஓடியது. சொட்டு மருந்தைத் துரை ஒரு நாளும் விழுங்கவில்லை. சட்டை, திரைச்சீலை, என் முகம், எங்கெல்லாமோ துப்பினான். நான் ஒவ்வொரு மாதமும் மருந்து அட்டையில் 'கொடுத்தேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். இரண்டாவது ரத்தப் பரிசோதனை வந்தது. முன்பைவிடக் கீழே.

இப்போது டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். சாப்பாட்டில் குறை இல்லை. மருந்து போய்க்கொண்டிருக்கிறது. அப்படியும் ரத்தம் ஏறவில்லை என்றால் குடல் சத்தை உறிஞ்சவில்லை என்று அர்த்தம். உள்ளே போய்ப் பார்த்தே ஆக வேண்டும். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் இறக்கி, சிறுகுடலிலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

"வேற வீட்டுப் பிள்ளையா இருந்தா முதல்ல டைரியைச் சந்தேகப்படுவேன்" என்றார். "உங்க டைரியை எப்படிம்மா சந்தேகப்படறது?"

அந்த நிமிடம் வாயைத் திறந்திருக்கலாம். இரண்டே வார்த்தை. நர்ஸ் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தாள். அவள் போகட்டும் என்று காத்திருந்தேன். அவள் போனாள், நானும் பின்னாலேயே எழுந்து வந்துவிட்டேன்.

சம்மதப் படிவத்தைக் கணவர் இரண்டு தடவை படித்தார். மயக்க மருந்தால் வரக்கூடிய ஆபத்துகள் என்று ஆறு வரி இருந்தது. ஒவ்வொரு வரியிலும் விரல் நின்றது. பிறகு கேட்டார், "இவன் பாலைத் தவிர எதையும் தொடமாட்டான்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லிட்டியா?"

"எல்லாம் சொல்லியாச்சுங்க."

கையெழுத்துப் போட்டார்.

குறித்த நாள் வந்தது. பதினோரு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர். விடியற்காலை நாலு மணிக்குக் கொடுத்ததுதான் கடைசிப் பால். அதன் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. ஒன்பது மணிக்குக் குழந்தைகள் பிரிவுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். துரைக்குப் பசி. பிறந்ததிலிருந்து அவன் பசியோடு இருந்து நான் பார்த்ததே இல்லை. பசிக்குமுன் புட்டியை நீட்டிவிடுவேன். என் பையை இழுத்தான், தோளைக் கடித்தான், பாலு பாலு என்று அனத்தினான். கணவர் அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி லிஃப்டைக் காட்டினார். கதவு இரண்டு செகண்டு தாமதமாக மூடுகிறது, எவனோ அரைகுறை வேலை பார்த்திருக்கிறான் என்று பிள்ளையிடம் குறை சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு கவுண்டரில் கூப்பிட்டார்கள் என்று அவனை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு பெண். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. தையல் கடையிலிருந்து பாதி வேலையில் எழுந்து வந்தவள் போலிருந்தாள். அவள் மகளுக்கு மூன்று வயது இருக்கும். தரையில் ஒரு டப்பா திறந்திருந்தது. வேகவைத்த கேரட், பட்டாணி, பாதி முட்டை. மகள் சாப்பிடவில்லை. பட்டாணிகளை ரயில் விட்டுக்கொண்டிருந்தாள். அம்மாக்காரி அவசரமே இல்லாமல் ஒரு கேரட்டை எடுத்துத் தான் கடித்தாள். மகளைப் பார்க்கக்கூட இல்லை.

அவளாகவே பேச்சுக் கொடுத்தாள். பன்னிரண்டாம் நம்பர் அறைக்கு முதல் தடவையாக வந்திருக்கிறாளாம். அங்கே இருப்பவள் நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. போன மாதம் டாக்டர் ஒரு மாதிரிக் காகிதம் கொடுத்தாராம். கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

பார்க்காமலேயே தெரிந்தது. ஓரத்தில் முட்டைக் கறை நகலில் சாம்பல் நிறமாக விழுந்திருந்தது.

"ரெண்டு வயசுப் பையனாங்க. கீரையைக் கேட்டுக் கேட்டு வாங்கித் திங்குறான். யாரு பெத்த தங்கமோ." சிரித்தாள். பிறகு சிரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அதைப் படிச்சிட்டு ஒரு வாரம் இவளுக்கு அடி. இந்தக் கையாலதான். அந்தப் பையன் திங்குறான், உனக்கு என்னடி கொழுப்புன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். அப்புறம் ஒரு நாள் நான் அடுப்பங்கரைக்குப் போனதும் இவ கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டா. அதோட விட்டுட்டேன். இப்போ டப்பாவைத் திறந்து வெச்சிட்டு நான்பாட்டுக்குத் திங்குறேன். நேத்து ஒரு பட்டாணியை நக்கிப் பார்த்தா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கூடத்துச் சுவரைப் பார்த்தேன். 'உணவு உண்ணாமல் காத்திருக்கும் குழந்தைகள் இங்கே இருக்கிறார்கள். தயவுசெய்து உணவைத் திறக்காதீர்கள்' என்று ஒரு பலகை. அதற்கு முன்னால் யாரோ சக்கர நாற்காலியை நிறுத்தியிருந்தார்கள். பாதி எழுத்து மறைந்திருந்தது.

திரும்பிப் பார்த்தபோது துரை தரையில் இருந்தான்.

அந்தப் பெண் குழந்தைக்கு எதிரே குந்தியிருந்தான். ரயிலைக் கவனித்தான். டப்பாவுக்குள் கையை விட்டான். வெளியே வந்த கையில் ஒரு கேரட் துண்டு.

ஒரு வருடமாக, அந்த நிறத்தில் எதையும் அவன் கையால் தொட வைக்க என்னால் முடியவில்லை. இப்போது முகர்ந்து பார்க்கிறான். உதட்டில் வைத்துப் பார்க்கிறான்.

பிடுங்க வேண்டும். வயிற்றில் உணவு இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். நானே எத்தனையோ பெற்றோருக்கு இதை விளக்கியிருக்கிறேன். கை நீட்டினால் எட்டுகிற தூரம்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவன் தின்றுவிட்டால் இன்றைக்குப் பரிசோதனை கிடையாது. என் வாயால் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கேரட் துண்டு போதும், தப்பித்துவிடலாம்.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜன்னல் பக்கம் ஏதோ முக்கியமான காரியம் நடப்பதுபோலப் பார்த்தேன்.

"யாரு குடுத்தது இதை?"

நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். துரையின் கன்னம் உப்பியிருந்தது. தையல்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. நர்ஸ் புரிய வைத்தாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா, படிக்கத் தெரியாதா, மயக்கம் கொடுக்கப்போகிற பிள்ளைக்கு ஊட்டிவிட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது. தையல்காரி எழுந்து நின்றாள். பலகையைத் தேடினாள். நர்ஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"தெரியாம நடந்துபோச்சுங்க. மன்னிச்சிடுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லைங்க" என்றேன். அதைவிடக் கேவலமான ஒரு வார்த்தையை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். கவுண்டரிலிருந்து கணவரும் ஓடி வந்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம், நாளைக் காலை எட்டு மணிக்கு முதல் கேஸாக வைத்துக்கொள்ளலாம் என்றார். ஒரே நாள். நான் தப்பித்தது ஒரே ஒரு நாள்தான். கணவர் தையல்காரியைப் பார்த்து, அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாக. அவள் குனிந்து டப்பாவைப் படாரென்று மூடினாள். ரயில் சிதறியது. மகள் அழத் தொடங்கினாள். தையல்காரியின் கை மேலே எழும்பியது.

"அவங்க குடுக்கல" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவனா எடுத்தான். நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். தின்னா இன்னைக்குப் பண்ணமாட்டீங்கன்னு பேசாம இருந்தேன்." நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். நிறுத்தவில்லை. "அந்த டைரி பொய் டாக்டர். மூணு பேனாவை வெச்சு ஒரே ராத்திரியில எழுதினேன்."

டாக்டர், இத்தனை வருடமாக என்னிடம் பேசிய குரலில் இல்லாமல், வேறு யாரோ ஒரு நோயாளியின் தாயிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு பால்?"

"ஒண்ணேகால் லிட்டர்."

"சொட்டு மருந்து?"

"துப்பிடுவான். குடுத்ததா டிக் போட்டேன்."

நர்ஸ் தரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் துரை வாயைத் திறந்து, ஒதுக்கி வைத்திருந்த கேரட்டை உள்ளங்கையில் துப்பினான். முழுசாக இருந்தது. நாலு பல் தடம் மட்டும். ஒரு துணுக்குக்கூட உள்ளே போகவில்லை.

டாக்டர் அதைக் கவனித்தார். பெருமூச்சு விட்டார். மயக்க மருந்து டாக்டர் உள்ளே தயாராகக் காத்திருக்கிறார், அவரிடம் போய் இதே வாயால் நீங்களே சொல்லுங்கள் என்றார். நாளையும் குழாய் கிடையாது. பாலைப் பாதிக்குமேல் குறைத்து, சொட்டு மருந்தை நர்ஸ் முன்னால் தினமும் கொடுத்து, ஒரு மாதத்தில் ரத்தம் ஏறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மாதிரிக் காகிதம் இதுவரை எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது என்று நர்ஸைக் கேட்டார். அவள் இருநூறுக்குமேல் இருக்கும் என்றாள். பன்னிரண்டாம் நம்பர் அறையில் நாளையிலிருந்து யார் உட்கார்வது என்பதைப் பிறகு சொல்கிறேன் என்று முடித்துவிட்டு நடந்தார்.

தையல்காரி கையிலிருந்த காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவேண்டும் என்று விரும்பினேன்.

"ஒரு வாரம் அடிச்சேங்க" என்றாள். அவ்வளவுதான். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பன்னிரண்டாம் நம்பர் அறைப் பக்கம் போகாமல் வெளி வாசலை நோக்கி நடந்தாள்.

மயக்க மருந்து டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். சொல்லி முடித்து வெளியே வந்தேன். கணவர் பிள்ளையோடு லிஃப்டுக்குள் நின்று, பொத்தானை அமுக்கிக் கதவைத் திறந்து வைத்திருந்தார். இறங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்கிட்டயும் சொல்லல, இல்ல?"

சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கீழ்த்தளம் வந்தது.

மதியம் வீட்டில் அவர்தான் சமைத்தார். பருப்பும் சோறும், வேகவைத்த உருளைக்கிழங்கும் கேரட்டும். கூடத்தில் துணி விரித்து நடுவில் ஒரே ஒரு பெரிய தட்டை வைத்தார். சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தோம். யாரும் யாருக்கும் ஊட்டக் கூடாது, யாரும் சாப்பிடு என்று சொல்லக் கூடாது என்றார். என்னுடைய பாடம்தான். பன்னிரண்டாம் நம்பர் அறையில் நான் அச்சடித்துக் கொடுப்பது. அதை எனக்கே அவர் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் சாப்பிட ஆரம்பித்தார். துரை தட்டைப் பார்த்தான். ஒரு விரலால் கேரட்டைத் தள்ளினான். அது உருண்டு பருப்பில் விழுந்தது. அவனுக்கு அது பிடித்திருந்தது, இன்னொன்றையும் தள்ளினான். விரலில் ஒட்டிய பருப்பை உற்றுப் பார்த்தான்.

எனக்குத் தாகமாக இருந்தது. தட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினேன்.

துரை இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டான்.

கணவர் மெல்லுவதை நிறுத்தினார். அவரே டம்ளரை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டேன். துரை விரல்களுக்கு மேலாக என் கைகள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பருப்பு ஆறி ஏடு கட்டும்வரை அவன் கை இறங்கவில்லை. அதுவரை நானும் அசையவில்லை.